சலவை இயந்திரத்தை உள்ளே கொண்டுவந்த பிறகு தண்ணீர் முரண்டு பிடித்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் குழாய் வேலைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் கதை ஒன்றுதான். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பம் முதலில் கொல்லைப்புறத்தில் தகரக் கூரை இறக்கி, அதன் கீழே சலவை இயந்திரத்தை வைக்கும். ஹோஸின் முனை நேரே கால்வாயில் தொங்கும். பத்து வருடம் ஒரு தொல்லையும் இருக்காது. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் சமையலறையைக் கொல்லைச் சுவர் வரை இழுத்துக் கட்டுவார்கள், தரைக்கு ஓடு பதிப்பார்கள், இயந்திரத்துக்குக் குளியலறை ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்குவார்கள். அடுத்த வாரம் எனக்குத் தொலைபேசி வரும்: "தம்பி, குழாய் அடைத்துக்கொண்டது."

போய்ப் பார்த்தால் பல வீடுகளில் அடைப்பே இருக்காது. கால்வாயில் தொங்கிய ஹோஸைச் சுற்றி நாலாபுறமும் காற்று இருந்தது. உள்ளே வந்ததும் அதே தண்ணீர் மூடிய குழாய்க்குள் நாலைந்து மீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. ஓடும் தண்ணீருக்குப் பின்னால் காற்று வந்தாக வேண்டும். டின்பாலில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், பால் விக்கி விக்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் கம்பியாக ஊற்றும். அந்த இரண்டாவது துளையைத்தான் இடம் மாற்றும்போது எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அடைப்பு எடுக்கும் கம்பியை வாங்குவதற்கு முன்னால் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அதற்கு நேரே போகலாம். அதற்கு முன் மூன்று காரியம்.

தரையில் தண்ணீர் நிற்கும்போது இயந்திரத்தைத் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் குனிய வேண்டும். பிளக் இருக்கும் இடத்துக்கே ஈரத்தில் நடந்துதான் போக வேண்டுமென்றால் மெயினை அணையுங்கள்.

இரண்டாவது, உங்கள் இயந்திரம் தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்கம் திறக்கும் இயந்திரங்கள் பம்ப் வைத்துத் தள்ளுபவை. இரட்டைத் தொட்டி இயந்திரங்கள் பெரும்பாலும் பம்ப் இல்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விடுபவை. மேலே திறப்பவற்றில் இரண்டு வகையும் கடையில் இருக்கின்றன. தண்ணீர் விடும் நேரத்தில் அடியில் காது வைத்துக் கேளுங்கள்: உறுமல் கேட்டால் பம்ப், 'டக்' என்று ஒரு வால்வு திறந்து தண்ணீர் தானாக இறங்கினால் பம்ப் இல்லை.

மூன்றாவது, வெளியேறும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பது. பழைய வீடுகளில் கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் தொட்டிக்கும், சமையலறைத் தண்ணீர் கொல்லைக் கால்வாய்க்கும் போகும். புதிய தாமான்களில் இரண்டுமே நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, தரையில் தண்ணீர் இறங்கும் குழியான தரை டிராப்பில் ஊற்றுங்கள். வீட்டில் ஒருவரைக் கால்வாயோரம் நிறுத்துங்கள். நீலம் எங்கே தலைகாட்டுகிறதோ அதுதான் பதில். செப்டிக் தொட்டி உள்ள வீட்டில் சலவைத் தண்ணீரைக் கழிப்பறைக் குழாயில் கோத்துவிடாதீர்கள். கசடு அடியில் படிவதற்குத் தொட்டிக்கு அமைதி வேண்டும். ஒரே மூச்சில் ஐம்பது லிட்டர் பாய்ந்தால் படிந்ததெல்லாம் கலங்கி வெளியே கிளம்பிவிடும்.

குழாயின் வாயிலிருந்து பொங்கி வழிகிறது

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். துவைத்து முடிந்து தண்ணீர் விடத் தொடங்கியதும், ஹோஸ் செருகியிருக்கும் நிற்கும் குழாயின் மேல்வாயிலிருந்து சோப்புத் தண்ணீர் கொப்புளித்துச் சுவரோரம் ஓடும்.

உடனே எதையும் கழற்றாதீர்கள். பொங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துக் குழாய்க்குள் பாருங்கள். தேங்கிய தண்ணீர் ஐந்து எண்ணுவதற்குள் சரசரவென்று இறங்கிவிட்டால் பாதை திறந்துதான் இருக்கிறது. குழாய் ஒடுக்கம், அல்லது குட்டை, அல்லது காற்று போதவில்லை. தண்ணீர் அப்படியே நின்றால், அல்லது நத்தை மாதிரி இறங்கினால், முன்னால் அடைப்பு உண்டு. இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்துவிடும். இதைச் செய்யாமல் தரை ஓடுகளைப் பெயர்த்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், இரண்டு வீட்டிலும் குழாய் சுத்தமாக இருந்தது.

சந்தேகம் இருந்தால் வாளிச் சோதனை. பத்து லிட்டர் வாளியில் தண்ணீர் எடுத்து, முதல் தடவை மெதுவாக ஊற்றுங்கள். அடுத்த தடவை பதினைந்து விநாடிக்குள் ஊற்றிவிடுங்கள். இரண்டு தடவையும் தேங்கினால் அடைப்பு. மெதுவாக ஊற்றும்போது போய், வேகமாக ஊற்றும்போது பொங்கினால் அளவிலோ காற்றிலோ கோளாறு.

அளவைப் பற்றிப் பேசுவோம். ஹார்ட்வேர் கடையில் போய்ச் 'சிங்க் குழாய்' என்று கேட்டால் ஒன்றேகால் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ எடுத்துக் கொடுப்பார்கள். முகம் கழுவும் தொட்டிக்கு அது போதும். சலவை இயந்திரத்துக்கு இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. வேண்டும். அரை அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். குழாயின் வாய்ப் பரப்பில் இரண்டு அங்குலம் ஒன்றரையைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு, ஒன்றேகாலைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பெரிய குழாயில் தண்ணீர் அடியில் ஓட, அதன் தலைக்கு மேல் காற்றுக்கும் இடம் மிஞ்சுகிறது. சின்னக் குழாய் முழுவதும் தண்ணீரால் அடைபட்டுக் காற்று உள்ளே நுழைய முடியாமல் போகிறது.

உயரமும் முக்கியம். இரண்டு அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் கொள்ளும். பம்ப் திடீரென்று தள்ளும் முதல் வேகத்தைத் தாங்கிக்கொள்வது அந்த இரண்டு லிட்டர்தான். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று குழாயை ஒரு சாண் உயரத்தில் அறுத்துவிட்டால் அரை லிட்டர்கூட நிற்காது. பெரும்பாலான பம்ப் இயந்திரங்களின் கையேட்டில் ஹோஸின் முனை தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்றிருக்கும். அந்த உயரத்துக்கே குழாயையும் நிறுத்துங்கள்.

பொங்குகிறதே என்று ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியை நாடா சுற்றி, சிலிக்கோன் பூசி அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த இடைவெளிதான் உங்கள் டின்பாலின் இரண்டாவது துளை. அதை மூடினால் தண்ணீர் வேறு வாய் தேடும். குளியலறைத் தரையில் நுரை பூக்கும். கூடவே கீழே சொல்லப்போகும் வேறொரு தொல்லையும் வந்து சேரும்.

இயந்திரம் தண்ணீரை விடவே மாட்டேன் என்கிறது

கொல்லையில் ஒழுங்காக வேலை செய்த இயந்திரம் உள்ளே வந்ததும் தொட்டி நிறையத் தண்ணீரோடு நிற்கிறது. திரையில் ஏதாவது எழுத்து மின்னும்: எல்ஜி என்றால் ஓ.இ., பேனசோனிக் என்றால் யூ11. இரண்டும் 'தண்ணீர் வெளியேறவில்லை' என்பதுதான்.

பம்ப் இல்லாத இயந்திரத்தின் ஹோஸைத் தூக்கி நிற்கும் குழாய்க்குள் விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் மேட்டில் ஏறாது, அவ்வளவுதான். ஹோஸைத் தரையோடு தரையாகப் போட்டு, முனையைத் தரை டிராப்பில் விடுங்கள். வழியில் எங்கும் மேடு கூடாது. வாசற்படியைத் தாண்டவும் கூடாது. புதிய இடத்தில் தரை டிராப் இல்லையென்றால், செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு மேடை கட்டி இயந்திரத்தை அதன் மேல் ஏற்றலாம். ஆனால் சுழலும்போது நகர்ந்து விழாதபடி மேடை அகலமாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். எனக்கு மேடையைவிட இடத்தையே மாற்றுவது பிடிக்கும்.

பம்ப் உள்ள இயந்திரமானால் ஹோஸ் எங்கேயாவது சுவரோடு நசுங்கி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் பற்றாத இடத்தில் இயந்திரத்தைத் தள்ளி வைக்கும்போது இதுதான் நடக்கிறது. அடுத்து, முன்பக்கம் அடியில் சின்னக் கதவுக்குள் இருக்கும் வடிகட்டி. துண்டு ஒன்றை விரித்துப் போட்டுத் திருகிக் கழற்றுங்கள். இருபது காசு, ஊக்கு, சட்டைப் பித்தான், ஒரு தடவை முருகன் டாலர்கூட அதில் கிடைத்தது. நாலு மீட்டர் ஹோஸைக் கடையில் வாங்கி ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். நீளம் கூடக்கூடப் பம்பின் மூச்சு வாங்கும். ஹோஸை நீட்டாதீர்கள், குழாயை நீட்டுங்கள்.

தண்ணீர் நிரம்பவே இல்லை, மீட்டர் மட்டும் ஓடுகிறது

இது விநோதமாகத் தோன்றும். இயந்திரம் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும், துணி நனையும், தொட்டி நிறையாது. பழுது பார்ப்பவர் வால்வு போய்விட்டது என்று சொல்லி மாற்றியும் கொடுத்துவிடுவார். காரணம் வெளியே இருக்கும்.

ஹோஸின் முனை தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, அதோடு குழாயில் காற்றுப் புகாமல் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தால், ஒரு தடவை பம்ப் ஓடியதும் ஹோஸ் தண்ணீரைத் தானாகவே உறிஞ்சி இறக்கிக்கொண்டிருக்கும். காரிலிருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சிக் கேனுக்கு இறக்குவது போலத்தான். சோதனை சுலபம்: இயந்திரம் தண்ணீர் எடுக்கும்போது ஹோஸைக் குழாயிலிருந்து உருவி, முனையை இயந்திரத்தின் மேல்மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். தொட்டி நிரம்பத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. ஹோஸின் வளைவை 60 செ.மீ.க்கு மேலே கட்டி, குழாய்க்குள் பதினைந்து செ.மீ. மட்டும் தொளதொளவென்று விடுங்கள்.

சிங்கில் களக் களக் என்கிறது, மறுநாள் நாறுகிறது

காற்றுக் கோளாறின் அசல் அடையாளம் இது. இயந்திரம் தண்ணீர் விடும்போது எங்கோ இருக்கும் சமையலறை சிங்க் தொண்டை கனைக்கும். அல்லது குளியலறைத் தரை டிராப்பில் குமிழி வரும். மறுநாள் அழுகிய முட்டை வாடை. வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரியையெல்லாம் நகர்த்துவார்கள்.

டிராப் என்பது என்ன? சிங்குக்கு அடியிலும் தரைக் குழியிலும் ஒரு வளைவு இருக்கிறது. அதில் எப்போதும் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தங்கும். கழிவுநீர்க் குழாயில் இருக்கும் வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும்தான். வேறு கதவு கிடையாது. சலவைத் தண்ணீர் குழாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓடும்போது ஊசிமருந்துக் குழாயின் தண்டு போல வேலை செய்கிறது: முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, பின்னால் இழுக்கிறது. இழுப்பதற்குக் காற்று கிடைக்காவிட்டால், பக்கத்து டிராப்பில் இருக்கும் தண்ணீரையே உறிஞ்சிவிடுகிறது. களக் களக் என்பது அந்தக் கதவு உடையும் சத்தம்.

சோதிப்பதற்கு ஐஸ்கிரீம் குச்சி ஒன்று போதும். துவைக்கும் முன் தரை டிராப்பின் சல்லடையை எடுத்துவிட்டுக் குச்சியை விட்டு, நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். துவைத்து முடிந்ததும் மறுபடி அளவெடுங்கள். மட்டம் பாதிக்குமேல் இறங்கியிருந்தால் காற்றுக் கோளாறு உறுதி. குழாயின் மேல்பகுதியில் திருகு மூடி எங்கேயாவது இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம்: அதைச் சற்றுத் தளர்த்திவிட்டு இயந்திரத்தைத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். சத்தம் நின்று, தண்ணீரும் வேகமாகப் போனால், நீங்கள் செய்ய வேண்டியது அந்த இடத்துக்குக் காற்றுக் குழாய் கொடுப்பதுதான்.

காற்றுக் குழாய் எங்கே சேர வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்கேயாவது ஓர் ஓட்டை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் ஐபிசி என்ற குழாய் விதிநூல், இரண்டு அங்குலக் குழாயில் டிராப்பிலிருந்து காற்றுக் குழாய் வரை எட்டு அடிக்குமேல் போகக் கூடாது என்கிறது. அங்கே சரிவு அடிக்குக் கால் அங்குலம். எட்டு அடி போனால் குழாய் மொத்தம் இரண்டு அங்குலம் இறங்கிவிடும், அதாவது தன் விட்டத்தின் அளவுக்கு. அதற்குமேல் போனால் காற்றுக் குழாயின் வாய் டிராப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. தண்ணீர் வழியை அடைத்து உறிஞ்சத் தொடங்குகிறது. ஒன்றரை அங்குலத்துக்கு அந்த எல்லை ஆறு அடி. யுபிசி என்ற இன்னொரு விதிநூல் இன்னும் கறார்: இரண்டு அங்குலத்துக்கு ஐந்து அடிதான். நம் ஊர்க் கொத்தனாருக்கு இந்த நூல்கள் தேவையில்லை. டிராப்பிலிருந்து காற்றுக் குழாய் வரை விட்டத்துக்குமேல் இறங்காதே என்ற கணக்கு மனதில் இருந்தால் போதும்.

இதே காரணத்தால்தான் சரிவு கூடினால் நல்லது என்ற நினைப்பும் தப்பு. நான் நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் போடுகிறேன். நாலு மீட்டர் ஓட்டத்துக்குப் பத்து செ.மீ. இறக்கம். கண்மட்டத்தில் சாய்வு பார்க்காதீர்கள். கொத்தனார் பிடிக்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் மட்டம் பார்த்துக் கோடு போடுங்கள்.

சரி, காற்றை எப்படிக் கொடுப்பது? மூன்று வழி. நல்ல வழி, டிராப்புக்குப் பிறகு குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துச் சுவரோரமாக ஏற்றிக் கூரைக்கு மேலே விட்டுவிடுவது. நுனியில் தொப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மைனா கூடு கட்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் முடிக்காதீர்கள், வெளியே போக வேண்டிய வாடை திரும்ப உள்ளேயே வரும்.

மலிவான வழி, வீட்டிலிருந்து வரும் குழாயை வெளிச்சுவரோரம் திறந்த வாயுள்ள ஒரு டிராப் குழியில் கொண்டுபோய் விடுவது. பழைய வீடுகளில் காற்றுக் குழாயே இல்லாமல் எல்லாம் சரியாக ஓடியதன் இரகசியம் இதுதான்: சிங்க் தண்ணீர் இரண்டு அடி ஓடி வெளியே திறந்தவெளியில் விழுந்தது. புதிய ஓட்டமும் குட்டையாக இருக்குமானால் இந்த வழியே போதும்.

மூன்றாவது, காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு. குழாயில் இழுப்பு வந்தால் திறக்கும், இல்லாவிட்டால் தன் எடையில் மூடிக்கொள்ளும். கூரையைத் துளைக்க முடியாத மாடி வீடுகளுக்கு ஏற்றது. படுக்கைக் குழாயிலிருந்து குறைந்தது பத்து செ.மீ. உயரத்தில், செங்குத்தாக, கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். ஓட்டுக்குள் புதைத்துவிட்டால் அது எப்போது கெட்டது என்றே தெரியாது. ஒன்றை மறக்கக் கூடாது: இது இழுப்பைத்தான் தீர்க்கும், தள்ளலைத் தீர்க்காது. முன்னால் அடைப்பு இருந்து குமிழி வரும் வீட்டில் இதை மாட்டிப் பயனில்லை.

இரண்டு டிராப் வைத்த வீடுகளும் உண்டு. நிற்கும் குழாயின் அடியில் ஒரு வளைவு, அதிலிருந்து போய்ச் சேரும் இடத்தில் மறுபடி தரை டிராப். இரண்டு பாதுகாப்பு என்று பெருமையாகச் சொல்வார்கள். நடுவில் சிக்கிய காற்றுக்குப் போக்கிடம் இல்லாததால் தண்ணீர் குழம்பி நிற்கும், குழாய் புதிதாக இருந்தும் மெதுவாகவே போகும். ஒன்றை எடுத்துவிடுங்கள். தரை டிராப்பின் பக்கவாட்டில் இணைப்பு வாய் இருந்தால், நிற்கும் குழாயை நேராக அதில் கோத்து, அடியில் உள்ள வளைவைத் தூக்கி எறியலாம்.

துவைக்காத வாரங்களில் மட்டும் நாறினால் இத்தனை தூரம் போக வேண்டாம். தண்ணீர் வெறுமனே காய்ந்திருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் காயாது. ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டிவைப்பவர்கள் தரை டிராப்பின் வாயை மூடிவிட்டுப் போவது நல்லது. ஏடிஸ் கொசு அதிலும் முட்டையிடும்.

மூன்று மாதம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாகிறது

இங்கேதான் உண்மையான அடைப்பு. நம் ஊருக்கே உரிய ஓர் அடைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் ஓர் அக்காவின் வீடு. இயந்திரத்தைச் சமையலறைக்குள் மாற்றி ஆறு மாதம். "அடைப்பு எடுக்கிற மருந்து மூன்று போத்தல் ஊற்றிவிட்டேன், அசையவில்லை தம்பி" என்றார். டிராப்பைக் கழற்றிக் கவிழ்த்தேன். கோழி முட்டை அளவுக்குச் சாம்பல் நிற உருண்டை ஒன்று விழுந்தது. நூலும் தலைமுடியும் சுற்றி, நடுவில் மஞ்சளாக. தரையில் போட்டேன், துள்ளியது. அக்கா பார்த்துவிட்டு, "ஒட்டுப்பால்!" என்று சொல்லிச் சிரித்தார். உறைந்து ஒட்டிக்கொண்ட ரப்பர்ப் பாலுக்குத்தான் அந்தப் பேர்.

பால் தெறித்த சட்டையை அப்படியே இயந்திரத்தில் போட்டால், துணியில் உறைந்த இழைகள் உரிந்து கழிவுநீரோடு போகின்றன. வளைவில் தங்கி ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. காஸ்டிக் கலந்த மருந்து எண்ணெயையும் முடியையும் கரைக்கும், ரப்பரைக் கரைக்காது. ஆசிட் ஊற்றினால் இன்னும் மோசம்: ரப்பர் ஆலையில் பாலை உறைய வைப்பதற்கே ஃபார்மிக் ஆசிட்தானே கலக்கிறார்கள். கழற்றிக் கையால் எடுப்பதைத் தவிர வழியில்லை. வெட்டுச் சட்டைகளைக் காயவைத்து, உறைந்த பாலை உரித்துவிட்டு, கொல்லைக் குழாயடியில் ஒரு அலசு அலசி, பிறகு இயந்திரத்தில் போடுங்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் காலுறைகளுக்கும் இதே விதி. மண் படுக்கைக் குழாயில் படிந்து கல்லாகிவிடும்.

சமையலறை சிங்க் குழாயோடு சலவைக் குழாயை இணைத்த வீடுகளில் இன்னொரு வகை. சிங்கிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு குழாயின் உட்சுவரில் மெழுகுபோல் படியும். துணியிலிருந்து வரும் பஞ்சு அதில் ஒட்டும். வெட்டிப் பார்த்தால் இரண்டு அங்குலக் குழாயில் விரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். தீபாவளி முடிந்த வாரத்தில் எனக்கு இந்த அழைப்பு நிச்சயம் வரும், முறுக்குச் சட்டி கழுவியதன் பலன். இணைத்தே ஆக வேண்டுமென்றால் படுக்கைக் குழாயில் 'டி' மூட்டு வைக்காமல் 'ஒய்' மூட்டு வையுங்கள், தண்ணீர் ஓடும் திசையில் சாய்த்து. செங்கோண முழங்கை மூட்டு ஒன்றுக்குப் பதில் 45 பாகை அரைவளைவு இரண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் கழற்றக்கூடிய திருகு மூடி ஒன்று. பசை பூசுமுன் எல்லாவற்றையும் உலர்வாகக் கோத்துப் பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிவிசி பசை சில விநாடிகளில் பிடித்துவிடும், பிறகு திருப்ப முடியாது.

மழை பெய்தால் மட்டும் தண்ணீர் போவதில்லை

குழாயின் முனை கால்வாயில் மிகத் தாழ இருக்கிறது. மாலை மழையில் கால்வாய் நிறைந்ததும் முனை மூழ்கிவிடுகிறது. உங்கள் சலவைத் தண்ணீர் அங்கே போவதற்குப் பதில் கால்வாய்த் தண்ணீர் இங்கே வருகிறது. மழை நாளில் வெளியே நின்று பார்த்து, நீர் ஏறும் மட்டத்துக்குமேல் முனையை உயர்த்துங்கள். உயர்த்த இடமில்லாவிட்டால் ஒருவழி மடல் மாட்டலாம், ஆனால் பஞ்சு சிக்கினால் அது மூடாது. மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும். எலி நுழையாமல் முனையில் கம்பிவலை இருப்பதும் நல்லதுதான், அதையும் துடைத்தால்.

கூரைத் தண்ணீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் கோத்துவிட்டு மழையைத் திட்டுபவர்களும் உண்டு. பிரித்துவிடுங்கள். தெருவில் இருக்கும் மேன்ஹோலே பொங்குகிறது என்றால் உங்கள் வீட்டுக்குள் தோண்டிப் பயனில்லை. பொதுக் கழிவுநீர்க் குழாயைப் பராமரிக்கும் இண்டா வாட்டருக்குச் சொல்லுங்கள். கொல்லைச் சந்தின் கால்வாய் அடைத்திருந்தால் அது நகராண்மைக் கழகத்தின் வேலை.

குளியலறையில் நுரை

தூளைக் குறையுங்கள். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்துக்கு நுரை குறைந்த தூள் என்று தனியாக விற்கிறது. அதற்கும் நுரை வந்தால் மேலே காற்றுக் குழாய்ப் பகுதியைப் படியுங்கள்.

திறக்கவேண்டிய மூடியே காணவில்லை

இது அறிகுறி அல்ல, ஆனால் எல்லா அறிகுறிகளும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டும். சமையலறையை நீட்டிக் கட்டும்போது கொல்லைப்புறத்தில் இருந்த டிராப் குழியும் மேன்ஹோல் மூடியும் வீட்டுக்குள் மாட்டிக்கொள்கின்றன. ஓடு பதிப்பவருக்கு அது ஒரு தொல்லை. சிமெண்டைக் கொட்டி, மேலே பளபளப்பான ஓட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். நீட்டிக் கட்டுவதற்கு நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று.

தேடும் முறை: வெளியே தெரியும் கடைசி மேன்ஹோலிலிருந்து அடுத்த வீட்டு மேன்ஹோலுக்கு ஒரு கயிறு கட்டுங்கள். வரிசை வீடுகளில் குழி எல்லா வீட்டிலும் பெரும்பாலும் ஒரே கோட்டில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். நீட்டிக் கட்டாத அண்டை வீட்டில் அந்தத் தூரத்தை அளந்துகொண்டு வந்து உங்கள் தரையில் குறியுங்கள். சுத்தியலின் மரப்பிடியால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டித் தரை 'தொப்' என்று ஒலிக்கும், குழிக்கு மேல் 'டங்' என்று வேறு குரல் கேட்கும். போன மாதம் ஒரு வீட்டில் அந்த 'டங்' சரியாகச் சலவை இயந்திரத்துக்கு அடியில் கேட்டது. இயந்திரத்தை நகர்த்தி, நாலு ஓட்டைப் பெயர்த்து, அதே ஓட்டை ஒட்டித் தூக்கக்கூடிய இரும்புச் சட்டமுள்ள மூடி ஒன்றைப் பதித்தோம். இயந்திரத்தைப் பழைய இடத்திலேயே வைக்கட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னேன்.